அங்கீகாரம் பெற்ற மூக்கு

போர் நடந்த நான்கு வருடமும் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பணிப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். உண்மையில் நான் ஒரு புல்லைக்கூட வெட்டியது கிடையாது. புல்லுக்கு அடியில் ஏழு டீசல் தொட்டிகள் புதைந்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பள்ளிக்கூடத்தையே இறக்கி வைத்துவிடலாம், அவ்வளவு பெரியவை. தினமும் காலையில் தொட்டியின் வாயைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை உள்ளே இறக்கி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. இதற்கு டிப் பார்ப்பது என்று பெயர். ஆனால் கடற்படையின் முடிவுப்படி அங்கே தொட்டிகளே கிடையாது. இல்லாத தொட்டிக்கு டிப் பார்க்க ஓர் ஆளை வைத்தால் எதிரிக்குச் சந்தேகம் வரும் என்று என்னைப் புல் வெட்டுபவன் ஆக்கினார்கள்.

கடற்கரை ஓரம், முகாமின் பின்பக்கம், மேடான இடம் அது. மேலே பறந்து வரும் எதிரி விமானத்துக்கு அது கால்பந்து மைதானமாகத் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டார்கள். தொட்டிகள் மூச்சு விடுவதற்கு ஆளுக்கு இரண்டு குழாய் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டு இருக்கும். அவற்றுக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து மூலைக் கொடிக் கம்பம் என்று பெயர் வைத்தார்கள். மைதானத்துக்கு மொத்தம் பதினான்கு மூலை. வெறும் மைதானமாக இருந்தால் நம்ப மாட்டான் என்று தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு இருபத்திரண்டு மாலுமிகள் ஆட வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. யாராவது ஜெயித்தால் கத்துவார்கள், கத்தினால் கவனம் திரும்பும், ஆகவே எல்லா ஆட்டமும் சமனில் முடிய வேண்டும் என்று அதற்கு ஒரு திருத்தமும் வந்தது. நான்கு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம், அத்தனையும் சமன். எதிரி விமானம் ஒருநாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முகாம் தலைவருக்கு அதில் அளவில்லாத பெருமை. அவரை நாங்கள் பெரியவர் என்போம்.

ஊருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பேருந்து நடத்துனரே, "டீசல் கிரவுண்டெல்லாம் இறங்கு" என்றுதான் கூவுவார். எங்கள் ரகசியத்தை நாங்கள் எங்களிடமிருந்துதான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அதற்கென்றே ஒரு அதிகாரி இருந்தார். அவர் பெயரே எங்களுக்கு மறந்துவிட்டது. ரகசியம் என்றுதான் கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது.

இந்தத் தொட்டிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது. மண்ணுக்குள் புதைத்த தொட்டி காலியானால் மேலே இருக்கும் பாரம் அழுத்தி நசுங்கிப் போகும். அதனால் கப்பல் டீசலை எடுக்க எடுக்க, அடியில் இருந்து கடல் தண்ணீரை ஏற்றிவிடும் ஒரு பம்பு வைத்திருந்தார்கள். தண்ணீர் கீழே நிற்கும், டீசல் மேலே மிதக்கும். ஆக, தொட்டி எப்போதுமே நிறைந்துதான் இருக்கும். டேப் இறக்கினால் முழுசு என்றுதான் காட்டும். அந்த முழுசில் டீசல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் டேப்பில் ஒரு மஞ்சள் பசை தடவ வேண்டும். தண்ணீர் பட்ட இடத்தில் பசை சிவப்பாக மாறும். சிவப்பு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே டீசல். இவ்வளவுதான் என் தொழில் ரகசியம், ஒரு சின்ன டப்பாப் பசை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பசை தீர்ந்துபோனது. ஸ்டோர் அதிகாரிக்கு எழுதிப் போட்டேன். தாள் திரும்பி வந்தது. நேரில் போனேன்.

"புல் வெட்டுறவனுக்கு எதுக்குய்யா பசை?" என்றார்.

"சார், உங்களுக்குத் தெரியாததா? தொட்டிக்கு…"

அவர் பதறி எழுந்து கதவைச் சாத்தினார். "எந்தத் தொட்டி? இங்க தொட்டி இருக்கா? நீ பாட்டுக்கு வாய விட்டுட்டுப் போயிடுவ, நாளைக்கு ரகசியம் வந்து என் கழுத்தைப் பிடிப்பான். சரி, புல் வெட்டுறவன் கேட்டா நான் என்ன குடுக்க முடியும்? அரிவாள் குடுக்கலாம், சாணைக்கல் குடுக்கலாம். ரெண்டுல எது வேணும்?"

சாணைக்கல்லை வாங்கிக்கொண்டு வந்தேன். வெறுங்கையோடு திரும்பினால் கோரிக்கையை மறுத்ததாகப் பதிவாகும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். அளவுப் பதிவேட்டில் தண்ணீர் மட்டம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் பதிவேடு செல்லாது. பசை இல்லாத முதல் நாள், என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் "நேற்றைப் போல" என்று எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் முன்கூட்டியே எழுதினேன். பிறகு ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஒரே உட்காரலில் எழுதி வைத்துவிட்டு, அந்த நேரத்தில் கோல் கம்பத்தின் நிழலில் படுத்திருந்தேன். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு நாள். யார் தலையிலும் பழியைப் போட முடியாது. எழுதியது என் கை.

பெரியவருக்கு அந்தப் பதிவேடு தேனாய் இனித்தது. வருடாந்திர அணிவகுப்பில் எங்களை வெயிலில் நிறுத்தி வைத்துப் பேசினார். "மத்த முகாம்ல எல்லாம் கப்பல் டீசல் எடுத்தா குறையுது. இங்க? எடுத்துக்கிட்டே இருக்காங்க, ஒரு அங்குலம் குறையல! போன வருஷம் முழுசு, இந்த வருஷமும் முழுசு! இதுக்குப் பேர்தான் நிர்வாகம். எப்படி முடிஞ்சதுன்னு தலைமையகத்துல கேட்டாங்க. எனக்கே தெரியலைன்னு அடக்கமா சொன்னேன்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்காக அவருக்கு ஒரு பதக்கமும் வந்தது.

அதற்கடுத்த மாதம் ஒரு ரோந்துப் படகு நான்காம் தொட்டியில் இருந்து நிரப்பிக்கொண்டு புறப்பட்டது. அலைத் தடுப்பைத் தாண்டியதும் இருமி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். படகின் மெக்கானிக் நேராக என்னிடம் வந்து ஒரு கண்ணாடி பாட்டிலை நீட்டினார். என்ஜினில் இருந்து இறக்கியதாம். சுத்தமான கடல் தண்ணீர். அதில் ஒரு இறால் குஞ்சு உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது.

"இது எந்த ஊரு டீசல்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்றார்.

விசாரணை நடந்தது. பதிவேட்டில் தண்ணீர் மட்டம் நேற்றைப் போலவே இருப்பதால் டீசலில் குறை இருக்க முடியாது என்று முதல் அரை மணி நேரத்திலேயே முடிவாயிற்று. இறால் குஞ்சு பிற்பாடு பாட்டிலுக்குள் நுழைந்திருக்க வேண்டும். என்ஜினுக்கு மன உறுதி போதாது என்று எழுதி, மெக்கானிக்கை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்காம் தொட்டி மேல்பக்கத்தில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. மேலே மிதந்த டீசல் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது, அந்த இடத்தைப் பம்பு கடலால் நிரப்பிவிட்டது. எங்கே போயிருக்கும் என்றும் தெரியும். மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு தெரு இருந்தது. பதினேழு வீடு, ஒரு கிணறு. கிணற்றிலிருந்து மூன்றாவது வீடு என் அக்காவுடையது.

எனக்கு அக்கா ஒருத்திதான் சொந்தம். நான் முகாம் குடியிருப்பில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. என் உடுப்பைப் பார்த்தாலே நான் எந்தப் புல்லை வெட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், கேட்க மாட்டாள். அவள் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடை வருகிறது என்று தெருக்காரர்கள் இறைப்பதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பொதுக் குழாயில் இருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோன கால். ஒரு நடைக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள்.

தெருக்காரர்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. தினம் ஒரு லாரித் தண்ணீர். தெருவில் குடியிருந்த வாத்தியார் மனு எழுதினார். முகாமில் இருந்து பதில் வந்தது: அந்த இடத்தில் இருப்பது கால்பந்து மைதானம். கால்பந்தில் டீசல் பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே வாடை என்பது வதந்தி. கூடவே, டீசல் எப்படி வாடை அடிக்கும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு வாத்தியாரை ரகசியம் இரண்டு நாள் உட்கார வைத்தார். வாத்தியார் வெளியே வந்து இரண்டாவது மனு எழுதினார். இந்த முறை டீசல் என்ற சொல்லைத் தவிர்த்து, 'தங்களுக்குத் தெரிந்த அந்த வாடை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துப் பெரியவருக்குப் பயம் வந்துவிட்டது. குழு அமைத்தார்.

குழு கூடியதும் ஒரு சிக்கல் முளைத்தது. கிணற்றை முகர்ந்து பார்த்து டீசல் வாடை வந்தால், முகர்ந்தவருக்கு ரகசியம் தெரிந்ததாகிவிடும். ரகசியம் தெரிந்துகொள்ள அனுமதி இல்லாதவர் முகர்ந்தால் குற்றம். தெருக்காரர்கள் முகர்ந்தது ஏற்கெனவே குற்றம், அதை மன்னித்தாயிற்று. அதனால் அனுமதி பெற்ற ஒரு மூக்கு தேவைப்பட்டது. தொட்டி இருப்பது சட்டப்படி தெரிந்தவர்களில் மூத்தவன் நான்.

முதலில் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் கண்ணைக் கட்டி, வெங்காயத்தை நறுக்கி மூக்கின் கீழே பிடித்தார்.

"என்ன இது?"

"தெரியல, டாக்டர்."

வினிகர் பாட்டிலைத் திறந்தார். ரப்பரைக் கொளுத்தினார். கடைசியில் ஒரு துணியை டீசலில் நனைத்து முகத்திலேயே போட்டார். எனக்கு ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். இருபது வருடம் தொட்டி வாயில் குனிந்து குனிந்து என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அக்கா வீட்டில் சாப்பாடு அடிப்பிடித்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்; அதை அவள் என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மூக்கு சுத்தமா போயிடுச்சுங்க," என்றார் டாக்டர்.

"அப்ப நான் இதுக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுங்க டாக்டர், புண்ணியமா போகும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் இருந்து வந்திருந்த தாளைக் காட்டினார். அதில் முடிவு முன்பே அச்சாகியிருந்தது; தேதி மட்டும் போட வேண்டும். 'மேற்படி மூக்கு உறுதியானது. வதந்திகளுக்கு அசையாது. பணிக்கு மிகவும் ஏற்றது.' அவர் தேதி போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நாளன்னைக்கு நீதான் பாக்கப் போறியாமே. தெருவே சந்தோஷமா இருக்கு. நம்ம ஆளுன்னு."

"நான் என்னக்கா சொல்றது?"

"உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு. வாடை இருக்குன்னா இருக்குன்னு சொல்லு, லாரி வரும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நான் மறுநாளே கயிறைக் கட்டி இறைச்சிடறேன். எண்ணெயைப் பத்தி உனக்குத் தெரியாததா? நீ சொன்னா சரியா இருக்கும்டா." முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மூக்கு செத்த விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இன்னொரு கரண்டி சோறு கேட்டேன்.

மறுநாள் ரகசியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். அளவுப் பதிவேட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

"அழகான கையெழுத்துங்க உங்களுக்கு," என்றார். "நேற்றைப் போல, நேற்றைப் போல, நேற்றைப் போல. ஒரு இடத்துல கூட அடித்தல் திருத்தல் இல்ல. நாளைக்கு வாடை இருக்குன்னு நீங்க சொல்றீங்கன்னு வைங்க. வாடை இருந்தா டீசல் கசிஞ்சிருக்கணும். கசிஞ்சா தண்ணி மட்டம் ஏறியிருக்கணும். ஏறவே இல்லைன்னு தினமும் எழுதினது யாரு? போர்க்காலத்துல பொய் அளவு எழுதினவனை என்ன செய்வாங்கன்னு நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் சார்."

"நான் மிரட்டல. நீங்க சுதந்திரமா முகரலாம். டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். கொஞ்சம் பதிவேட்டின் மேல் சிந்தியது. அவர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

விசாரணை நாளன்று கிணற்றடியில் மேசை போட்டு அதன்மேல் பச்சைத் துணி விரித்தார்கள். பெரியவர், ரகசியம், ஸ்டோர் அதிகாரி மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். மூவர் மூக்கிலும் துணி காயப்போடும் கிளிப் மாட்டியிருந்தது. அனுமதியில்லாமல் எதையும் முகர்ந்துவிடக் கூடாது என்று முன்னெச்சரிக்கை. பெரியவருடைய கிளிப் மட்டும் பதவிக்கு ஏற்றபடி மரத்தில் செய்தது. பதினேழு வீட்டு ஜனமும் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர் எழுந்து பேசினார். கிளிப்பினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் ஏழு மாசம் பொறுமையா யோசிச்சேன். தண்ணியில டீசல் இருந்தா அது எங்க டீசலாத்தான் இருக்கணும். எங்க டீசல் எங்க தொட்டியிலதான் இருக்கும். எங்களுக்குத் தொட்டி இல்லை. அப்ப தண்ணியில டீசலும் இல்லை. போர் நடக்கிற நேரத்துல, தளவாடம் பத்தாத நேரத்துல, வெறும் யோசனையாலேயே ஒரு கிணத்தை நான் சுத்தம் பண்ணியிருக்கேன். இருந்தாலும் உங்க திருப்திக்காக ஒரு மூக்கையும் கொண்டாந்திருக்கோம்."

வாளியில் தண்ணீர் இறைத்து என் முன்னால் வைத்தார்கள். அதன்மேல் நீலமும் ஊதாவுமாகப் படலம் மிதந்தது. வெயில் படுவதால் அப்படித் தெரிகிறது என்று ஸ்டோர் அதிகாரி குறிப்பில் எழுதச் சொன்னார். நான் மண்டி போட்டுக் குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பது சத்தியம். பொய் சொல்லவில்லையே என்று அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். ஆனால் எழுந்திருக்கும்போது வாளியின் விளிம்பைப் பிடித்தேன், இரண்டு விரல் தண்ணீரில் பட்டது. அந்த வழுவழுப்பு என் விரலுக்குத் தெரியும். மூக்கு போனாலும் விரல் போகவில்லை. கேள்வி மூக்கைப் பற்றியது, விரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவன் நான், வேறு என்ன சொல்ல.

"வாடை இருக்கா?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க."

பதிவுக்காக மூன்று முறை சொல்ல வேண்டும் என்றார் ரகசியம். மூன்று முறை சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். ஜனங்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அக்கா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் ஜீப்பில் ஏறிவிட்டேன். அன்று சாயங்கால ஆட்டத்துக்கு என்னை நடுவராகப் பதவி உயர்த்தினார்கள். ஆட்டம் சமனில் முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினேன். என்னைப் பார்த்தால் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. பத்தாம் நாள் மனசு கேட்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு மதியம் போனேன்.

தெருமுனையிலேயே ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஏழு மாதமாகக் கேட்காத சத்தம். கிணற்றைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அக்கா கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாடா! ஜலதோஷம் விட்டுச்சா? உன் புண்ணியத்துல எனக்கு ரயில்வே கேட்டு நடை மிச்சம்."

"என்னக்கா இது?"

"என்னவா? நீ இல்லைன்னு சொன்ன அன்னைக்கே நான்தான் முதல் குடம் இறைச்சேன். ஜனங்க பயந்தாங்க. வாத்தியார் வேணவே வேணாம்னார். நான் விடலையே. ஒவ்வொரு வீடா போய், என் தம்பி பொய் சொல்ல மாட்டான், எண்ணெயிலயே பொறந்து வளர்ந்தவன் மாதிரி, அவனுக்குத் தெரியாததான்னு சொல்லி, அவங்க எதிரிலேயே ஒரு சொம்பு குடிச்சுக் காட்டினேன். இப்ப பதினேழு வீடும் இதுலதான் சமைக்குது."

"வாடை… வரலையா உனக்கு?"

"வருதுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அது மனசுல வர்ற வாடையாம்டா. போகப் போகச் சரியாயிடும்னு உங்க ஆபீசர் சொல்லிட்டுப் போனாரு. நாங்கதான் வீணா ஏழு மாசம் உங்க மேல பழி போட்டுட்டோம்."

வீட்டுக்குள் இருந்து யாரோ ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. அக்காள் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. "வாங்க மாமா," என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா வயித்தைப் பிரட்டுதுங்கறா," என்றாள் அக்கா. "தண்ணி நிறையக் குடிடின்னு நான்தான் குடுத்துக்கிட்டே இருக்கேன்." சொம்பை நிரப்பி மகளிடம் நீட்டினாள்.

நான் சொம்பைத் தட்டிவிட்டேன். அது உருண்டு கிணற்றுச் சுவரில் மோதியது.

"குடிக்காதீங்க. யாரும் குடிக்காதீங்கக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு செத்தது, பசை தீர்ந்தது, நேற்றைப் போல என்று நானூற்றுப் பன்னிரண்டு நாள் எழுதியது, ரகசியம் டீ கொடுத்தது, விரல் தண்ணீரில் பட்டது. இந்தச் செய்தி முகாமுக்குப் போனால் என்னை என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதைத்தான் இரண்டு தடவை சொன்னேன். நான் முடித்ததும் அக்கா குடத்தில் இருந்ததைக் கீழே கவிழ்த்தாள். ராட்டினத்தில் இருந்து கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். மகளை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா," என்றாள்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் கயிற்றுடன் பின்னால் நின்றேன். இப்போது என்னைக் காட்டிச் சொல்லப் போகிறாள், சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கிணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்க. இருக்கிறதைக் கொட்டிடுங்க," என்றாள் அக்கா. "ஆபீசருங்க எதிர்ல என் தம்பி வேற என்ன சொல்ல முடியும்? ஆனா அன்னைக்கே எனக்கு ரகசியமா ஆள் விட்டுச் சொல்லிட்டான், யாரும் தொடாதீங்கன்னு. இது முகாமுக்குத் தெரிஞ்சா அவனைத் தொலைச்சிடுவாங்க, வெளியில விடாதீங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். ரயில்வே கேட்டு வரைக்கும் நடக்க முடியல, முட்டி வலி. அதான். எம்மேல தப்பு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வீட்டுக்காரி முதலில் ஒன்றும் புரியாமல் நின்றாள். அவள் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. பிறகு கத்தினாள். "உன் முட்டிக்காக எம்புள்ளைக்கு விஷத்தைக் குடிக்க வெச்சியா? நீயே வந்து குடிச்சுக் காட்டினியேடி! நீயெல்லாம் ஒரு மனுஷியா?" அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. அக்கா அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். அங்கேயும் திட்டினார்கள். வாத்தியார் மட்டும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவள் காலை இழுத்து இழுத்துப் பதினாறு வாசற்படி ஏறி இறங்கினாள்.

கடைசி வீட்டில் ஒரு வயதான அம்மாள் இருந்தாள். அக்காவைத் திட்டி முடித்து, மண்ணை வாரித் தூற்றிவிட்டு, என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவ இப்படி இருந்தாலும் உனக்காவது எங்க மேல இரக்கம் இருந்துச்சே. நீ நல்லா இருக்கணும், தம்பி."

அக்கா தெருவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாளிடம் சரி என்று தலையை ஆட்டினேன்.